குழந்தையின் உடலில் வளைந்த வெளிறிய கோடுகள்: வலிப்பு வருமா?

தக்கலை வாசகி: என் தங்கையின் 8 மாதக் குழந்தைக்கு விலாவிலிருந்து முதுகுவரை வளைந்து செல்லும் வெளிறிய கோடுகள் உள்ளன. தேமல் என்று அம்மா பூவரசங்காய்ச் சாறு தடவியும் மாறவில்லை. இதனால் வலிப்பு வரலாம் என்பது உண்மையா?

நாகர்கோவில் தோல் மருத்துவர்: தேமல் பூஞ்சையால் வருவது, அது இவ்வாறு கோடாக வளையாது. 1901இல் ஜெர்மன் தோல் மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ வரைந்து காட்டிய இப்பாதைகள், கருவில் தோல் செல்கள் நகர்ந்த தடங்களாகும். கருவின் ஒரு செல்லில் மரபணு மாற்றம் நேர்ந்தால் அதன் வழிவந்த செல்கள் மட்டும் நிறம் குன்றலாம். தோலின் மேலடுக்கும் மூளையும் கருவின் வெளியடுக்கான ஒரே புறப்படலத்திலிருந்து உருவாவதால், சிலருக்கு வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் சேர்ந்து வருகின்றன. எல்லோருக்கும் அல்ல. சாற்றை நிறுத்திவிடுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: சகோதரி, குழந்தை தூங்கி எழும்போது தலை குனிந்து கைகள் திடீரென விரிந்தால் அது வலிப்பாக இருக்கலாம்; அதைக் கைப்பேசியில் படம்பிடித்து அன்றே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.