அப்பா பேரில் யாரோ வாங்கிய கடன்: எஃப்.ஐ.ஆர் போட வைக்க வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். டிராக்டர் கடனுக்காக போன வாரம் அப்பாவோட சிபில் அறிக்கையை (கடன் வரலாற்று அறிக்கை) எடுத்தப்போதான் தெரிஞ்சது, அவர் பான் எண்ணை வச்சு யாரோ ஒரு கடன் செயலியில 48,000 ரூபாய் வாங்கியிருக்காங்க. அவர்கிட்ட இருக்கறது பட்டன் போன். ரெண்டு நாளா சரியா சாப்பிடல. "நான் யாருக்கும் கடன் வச்சதில்லையேப்பா"ன்னு அதையே சொல்லிட்டிருக்கார்.

சைபர் கிரைம் இணையதளத்துல புகார் பதிஞ்சு ஒப்புகை எண் வாங்கிட்டேன். சிபில்லயும் மறுப்பு பதிஞ்சாச்சு, 30 நாள் டைம். ஆதார் பயோமெட்ரிக்கையும் பூட்டிட்டேன். ஆனா கடன் கொடுத்த நிறுவனம், எஃப்.ஐ.ஆர் நகல் இல்லாம கணக்கை மூட முடியாதுங்கறாங்க. உள்ளூர் ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர் (புகார் வாங்கினதுக்கான ரசீது) மட்டும் கொடுத்து, "கம்பெனி பெங்களூருல இருக்கு, அங்க போங்க"ன்னுட்டாங்க. புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ் 173-வது பிரிவுப்படி எந்த ஸ்டேஷன்லயும் புகாரை வாங்கணும்தானே?

இப்படி அலைஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? ஐ.டி. சட்டம் 66சி பிரிவை (அடையாளத் திருட்டு) குறிப்பிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பினா பலன் இருக்கா, இல்ல நேரா மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கே போகலாமா? மனுவோட என்னென்ன நகல் வச்சீங்க? திங்கக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள சொன்னா பெரிய உதவியா இருக்கும்.