அருவிச் சுற்றுப்பாதை: வலமா, இடமா?

ஈரக்காலன்:
மழைக்காலத்தில் மட்டும் விழும் ஓர் அருவிக்கு அடுத்த வாரம் நாலு பேர் நடக்கப் போகிறோம். சுற்றுப்பாதை, 10 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். வலமாகப் போனால் முதல் 3 கிலோமீட்டர் பாறை வழியே செங்குத்து ஏற்றம், உடனே அருவி. மீதி 7 கிலோமீட்டர் மெல்ல இறங்கி, கடைசியில் ஓடையில் இறங்கிக் கடந்தால் புறப்பட்ட இடம். இடமாகப் போனால் எல்லாம் தலைகீழ்: ஓடை முதலில், அருவி கடைசியில், அப்புறம் பாறை இறக்கம். என் ஓட்டு இடத்துக்கு. நல்லதைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதானே சுகம்?

கம்பூன்றி:
சுகம் இருக்கட்டும், முழங்காலைக் கேளுங்கள். ஈரப்பாறையில் ஏறலாம், இறங்கக் கூடாது. ஏறும்போது வழுக்கினால் கை தானாக முன்னால் ஊன்றிக்கொள்ளும், உள்ளங்கை சிராய்ப்போடு போகும். இறங்கும்போது வழுக்கினால் உடம்பின் மொத்தப் பாரமும் பின்னால் சாயும். நான் விழுந்த பாறை பார்வைக்குக் காய்ந்தே இருந்தது. தொட்டுப் பார்த்தபோதுதான் கறுப்பாக, எண்ணெய் தடவினாற்போல் ஒரு பாசிப் படலம். அன்றைக்கு மீதி 2 கிலோமீட்டரை நொண்டிக் கடக்க இரண்டு மணி நேரம் ஆனது. வலமாகவே போங்கள்.

நீர்க்கோழி:
கம்பூன்றி பாறையைப் பார்த்தார், ஓடையைப் பார்க்கவில்லை. மழைக்கால அருவிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது சின்ன நீர்ப்பிடிப்புதான், அதாவது மழைநீர் வழிந்து வந்து சேரும் பரப்பு. மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். வலமாகப் போனால் அந்த ஓடை வருவது பிற்பகலில், கால் ஓய்ந்த பிறகு. அக்கரையில் உங்கள் வண்டி தெரியும், நடுவில் எட்டு மீட்டர் தண்ணீர். திரும்பிப் போவதென்றால் 7 கிலோமீட்டர் ஏறி, இருட்டில் அதே பாறையில் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் திரும்ப மாட்டார்கள், "முழங்கால் அளவுதானே" என்று காலை வைத்துவிடுவார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவர் ஒருவரைத் தள்ளிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்கு.

சும்மாவந்தவன்:
ஒரு சந்தேகம். ஓடையை ஒரே ஒரு தடவை கடந்துவிட்டுப் புறப்பட்ட கரைக்கே எப்படி வருவது? இன்னொரு இடத்திலும் கடந்தாக வேண்டுமே?

ஈரக்காலன்:
சரியான கேள்வி. அருவிக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. அங்கே கால் நனையாது.

நீர்க்கோழி:
அப்படியானால் என் கட்சி இன்னும் பலம். இடமாகப் போனால் காலையில் ஓடை முடிந்தது, பிற்பகலில் பாலம். தண்ணீர் ஏறினாலும் கவலையில்லை.

கம்பூன்றி:
ஓடையில் ஏறும் அதே மழை பாறையில் பெய்யாதா, ஐயா? உங்கள் கணக்கில் பாறை மட்டும் குடை பிடித்து நிற்கிறதா?

நேரத்தைப் பாருங்கள். மலைநடைக்கு நேரம் கணிக்கும் நெய்ஸ்மித் கணக்குப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஆக மொத்தம் மூன்று மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் படம் எடுத்து, உட்கார்ந்து எழுந்து, 11 மணிக்குள் ஓடைக்கு வந்துவிடலாம். பல மலைகளில் மழை பிற்பகலில்தான் கட்டும்.

நீர்க்கோழி:
அது 1892-இல் ஒரு மலையேறி போட்ட கணக்கு. அதில் ஓய்வும் இல்லை, ஈரப்பாறையும் இல்லை. நாலு பேர் என்றால் நாலாவது ஆளின் வேகம்தான் கணக்கு. அருவிக்கு முன்னால் செல்போனோடு நிற்பவரை யார் கிளப்புவது?

சும்மாவந்தவன்:
மழை விட்டு ஒரு நாள் கழித்துப் போனால் இரண்டு பேர் சண்டையும் தீர்ந்துவிடாதா?

ஈரக்காலன்:
அருவியும் நூலாகிவிடுமே, அண்ணா.

நீர்க்கோழி:
பருவத்தின் தொடக்கத்தில் ஆகும். காய்ந்த மண் முதல் மழைகளைக் குடித்துவிடும். பருவம் பாதி கடந்து மண் நிறைந்த பிறகு அருவி அவ்வளவு சீக்கிரம் அடங்காது. ஆனால் அப்போதுதான் சின்ன மழைக்கும் ஓடை துள்ளும்.

ஈரக்காலன்:
சரி, இப்படிச் செய்யலாமா? ஓடையைக் கடக்கும் இடம் புறப்படும் இடத்திலிருந்து 400 மீட்டர்தான். காலையில் முதலில் அதைப் போய்ப் பார்ப்போம். கணுக்காலளவு தெளிவாக ஓடினால் இடமாகப் போகிறோம். கலங்கலாக, சருகும் குச்சியும் அடித்துவந்தால் கடப்பதில்லை, அந்தப் பக்கத்தையே மறந்துவிடுகிறோம். வானம் நன்றாக இருந்தால் மட்டும் பாறை வழியே அருவி வரை போய், வந்த வழியே திரும்புகிறோம்.

கம்பூன்றி:
ஆக எப்படிப் போனாலும் பாறையில் இறங்கித்தான் தீருவீர்கள்! நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இறங்குவதென்றே முடிவானால், செங்குத்தான இடங்களில் கம்பைப் பையில் செருகிவிட்டு, பாறையைப் பார்த்தபடி திரும்பி, ஒவ்வொரு காலாக வையுங்கள். உட்கார்ந்து நகரவும் வெட்கப்படாதீர்கள்.

நீர்க்கோழி:
இதில் மட்டும் கம்பூன்றி பக்கம். அருவியிலிருந்து கிளம்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசிக்கொள்ள வேண்டாம்.

ஈரக்காலன்:
12 மணி. படம் எடுப்பவன் நான்தான், அதனால் அலாரம் இன்னொருவன் செல்போனில்.