லெனார்ட் கோஹனின் 'சூசன்' முதலில் கல்லூரி இதழில் வந்ததா?

வைகைக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். பருவக் கட்டுரைக்கு, ஃபோக் (நாட்டுப்பாட்டு வகை) பாடகர்கள் மாணவப் பருவத்தில் எழுதி இதழ்களில் வெளிவந்த வரிகள் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். கனடாக் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹனின் 'சூசன்' பாட்டு அவர் படித்த, மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக இதழில்தான் முதலில் அச்சானது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? அந்த இதழை இங்கிருந்து எப்படிப் பார்ப்பது? எங்கள் கல்லூரி ஆண்டு மலர் மாதிரி என்றால் அவர்களே பழைய பிரதியை வைத்திருக்க மாட்டார்கள் என்ற பயம் வேறு.

தகரக்கொட்டகை:

முதலில் கோஹன் ஃபோக் பாடகரா என்று கேட்க வேண்டும். மான்ட்ரியாலின் பணக்காரப் பகுதியான வெஸ்ட்மவுண்ட்டில் வசதியான துணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கிதாரை மடியில் வைத்தவரெல்லாம் ஃபோக் என்றால் நானும் ஃபோக்தான். 'சூசன்' பற்றித் தெரியாது, 60களில் வந்தது என்று மட்டும் நினைவு.

பனிச்சப்பாத்து:

தம்பி வைகைக்கரை, உங்களிடம் சொன்னவர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழைத்துவிட்டார்.

கோஹன் 1955இல் மெக்கிலில் பட்டம் வாங்கிவிட்டார். 'சூசன்' கவிதையாக அச்சில் வந்தது 1966இல், 'பாரசைட்ஸ் ஆஃப் ஹெவன்' என்ற தொகுப்பில். அதே வருடம் ஜூடி காலின்ஸ் என்ற பாடகி அதைப் பாடி இசைத்தட்டில் போட்டார். கோஹன் தன் குரலில் பாடிய முதல் தட்டு 1967 டிசம்பரில்தான் வந்தது, 33 வயதில். ஆகவே கல்லூரி இதழில் 'சூசனை'த் தேடினால் கிடைக்க மாட்டாள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், மான்ட்ரியாலுக்கு வந்த புதிதில் பழைய துறைமுகப் பக்கம் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். சமையலறை வானொலியில் அந்தப் பாட்டு அடிக்கடி போகும். இரவு வேலை முடிந்து ஷான்-த-மார்ஸ் மெட்ரோவுக்கு நடக்கும்போது நோத்ரதாம்-த-போன்-செகூர் கோயிலைக் கடப்பேன். மாலுமிகளின் கோயில். மேலே மாதா ஆற்றைப் பார்த்துக் கை விரித்து நிற்பார். பாட்டில் வரும் துறைமுகத்து மாதா இவர்தான் என்று உடன் வேலை செய்த கியூபெக்காரர் ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து பிடித்த பைத்தியம். (அவர் அந்த ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டார். நான் புத்தகங்களுக்குப் போய்விட்டேன்.)

சரி, இதழுக்கு வருவோம். கோஹனின் கவிதைகள் முதலில் அச்சானது 1954 மார்ச்சில், 'சிவ்/என்' என்ற சிற்றிதழில். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் ஒரு கடிதத்தில் 'சிவிலைசேஷன்' என்பதைச் சுருக்கி எழுதியதே அதன் பெயர். ஐலீன் காலின்ஸ் ஆசிரியர். கவிஞர்கள் இர்விங் லேட்டன், லூயி டூடெக் இருவரும் குழுவில் இருந்தார்கள். இது மெக்கில் வெளியிட்ட இதழ் அல்ல. ஆனால் டூடெக் அங்கே அவருக்கு வாத்தியார். மாணவனின் கவிதையும் வாத்தியாரின் கவிதையும் ஒரே இதழில் வந்தன. 1953 முதல் 1955 வரை ஏழே இதழ்கள், அப்புறம் நின்றுபோனது. நம் ஊர்ச் சிற்றிதழ்களின் ஆயுளும் இவ்வளவுதானே.

1956இல் டூடெக் மெக்கில் கவிதை வரிசை என்று ஒன்றைத் தொடங்கி, அதன் முதல் புத்தகமாக 'லெட் அஸ் கம்பேர் மித்தாலஜீஸ்' தொகுப்பைக் கொண்டுவந்தார். பெரும்பாலும் 15 வயதுக்கும் 20க்கும் இடையில் எழுதியவை. அதில் 'பாட்டு' என்றும் 'கதைப்பாட்டு' என்றும் தலைப்பு வைத்த கவிதைகள் இருக்கின்றன. உங்கள் கட்டுரைக்கு அங்கேதான் சரக்கு இருக்கிறது. இவை பாடலாகாத பாட்டுகள். மெட்டு கிடையாது, மெட்டுக்காக எழுதியதும் கிடையாது. ஆனால் எழுதியவன் அதைப் பாட்டு என்று கூப்பிடுகிறான்.

தகரக்கொட்டகை, ஃபோக் விஷயத்தில் உங்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். 1950இல் ஒரு கோடைக்கால முகாமில் வேலை செய்தபோது 'தி பீப்பிள்ஸ் சாங் புக்' என்ற தொழிலாளர் பாட்டுப் புத்தகத்தைக் கோஹன் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பாடிப் பழகினார். மெக்கிலில் 'பக்ஸ்கின் பாய்ஸ்' என்று ஒரு மூவர் குழு வைத்துக் கிராமிய நடனங்களுக்கு வாசித்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைதான், ஆனால் கவிதையும் நாட்டுப்பாட்டும் ஒரே சமயத்தில் உள்ளே போயிருக்கின்றன. இரண்டையும் தன் பேரில் ஒன்றாகச் சேர்க்கத்தான் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணா. தலைப்பே மாறிவிட்டது! கவிதையாக அச்சாகி, பிறகு பாட்டானதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று சொல்ல முடியுமா? 'சூசன்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

பனிச்சப்பாத்து:

இருக்கிறது. 1961இல் வந்த 'தி ஸ்பைஸ்-பாக்ஸ் ஆஃப் எர்த்' தொகுப்பில், பச்சை மலையில் மூடுபனி வடு விடாததுபோல என்று தொடங்கும் சின்னக் கவிதை. 1977இல் 'ட்ரூ லவ் லீவ்ஸ் நோ ட்ரேசஸ்' என்ற பாட்டாக வந்தது. கவிதையில் பல்லவி கிடையாது. பாட்டுக்கு ஒரு பல்லவி சேர்த்தார், உண்மைக் காதல் தடயம் விடாது என்று. எனக்குக் கவிதைதான் பிடிக்கும். கவிதை சொல்லாமல் விட்டதை பல்லவி வந்து திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம், கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

பிரதி பற்றி: மூல இதழைத் தேடி அலைய வேண்டாம். 'சிவ்/என்' இதழ்கள் 1983இல் வெஹிக்யூல் பிரஸ் வழியாகப் புத்தகமாக வந்தன. 1956 தொகுப்புக்கு 2006இல் மறுபதிப்பு வந்தது, அதே பழைய அமைப்பில். நூலகரிடம் இந்த இரண்டு வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

தகரக்கொட்டகை:

முகாம் கதை புதிது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல்லூரிக் காலத்துக் கவிதைகளை அவர் பாடிய பதிவு ஏதாவது உண்டா?

பனிச்சப்பாத்து:

பாடியது இல்லை, வாசித்தது உண்டு. 1957இல் 'சிக்ஸ் மான்ட்ரியால் போயட்ஸ்' என்று ஒரு தட்டு. லேட்டன், டூடெக், ஏ.எம். கிளைன் எல்லாம் பெரிய தலைகள், ஆறாவது ஆளாக இவர். கிதார் கிடையாது. வெளியிட்டது யார் தெரியுமா? நாட்டுப்பாட்டுத் தட்டுகளுக்குப் பேர்போன ஃபோக்வேஸ் நிறுவனம்.