பழைய டிரான்ஸ்ஃபர் பெட்டி: மாட்டுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

கந்தப்பளை மரக்கறி வண்டி:
என்னுடையது 200 டிடிஐ டீசல் இயந்திரமுள்ள லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110. கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றுகிறேன். சென்ற மாதம் தோட்டப் பாதையில் கல் இடித்து டிரான்ஸ்ஃபர் பெட்டியின் (கியர்பெட்டியிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிப்பது) உறை பிளந்துவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் எல்டி 230 ரகப் பழைய பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். "அப்படியே மாட்டலாம்" என்றார் விற்றவர். ஒயில் மாற்றி மாட்டினால் போதுமா? மறுபடி இறக்கும் தெம்பு எனக்கு இல்லை.

ஹட்டன் கராஜ்:
தம்பி, ஒயிலை விடுங்கள். முதலில் அது எந்த வாகனத்துப் பெட்டி என்று பாருங்கள். லேண்ட் ரோவர் டிஸ்கவரிக்கும் இதே எல்டி 230 தான். வெளியே பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. ஹை (சாதாரண ஓட்டத்துக்கான) நிலையில் போட்டு, டிஃப் லாக்கையும் (நடு டிஃபரென்ஷியலின் பூட்டு) போடுங்கள். லாக் போடாவிட்டால் முன், பின் வெளியீடுகளில் ஒன்று நின்று மற்றது இரட்டிப்பாகச் சுற்றும், கணக்குப் பிழைக்கும். சக்தி உள்ளே வரும் பல்சக்கரத்திலும் (உள்ளீட்டுச் சக்கரம்) பின் ஃபிளேன்ஜிலும் (சக்தி வெளியே போகும் தட்டு) சோக்கால் கோடு போட்டு, அந்தப் பல்சக்கரத்தை 14 சுற்றுச் சுற்றுங்கள். ஃபிளேன்ஜ் ஏறத்தாழ 10 சுற்று வந்தால் விகிதம் 1.41, டிஃபெண்டருடையது. பதினொன்றரை வந்தால் 1.222, டிஸ்கவரி. லோ (மெதுவான, இழுவை கூடிய நிலை) இரண்டிலும் 3.32 தான். ஆனால் டிஸ்கவரிப் பெட்டியைப் போட்டால் ஹையில் ஒவ்வொரு கியரும் 15 சதவீதம் நீண்டுவிடும், இழுவை குறையும். தட்டை ரோட்டில் சுகம். சுமையோடு றம்பொடை மலை ரோட்டில் ஏறிப் பாருங்கள், தெரியும்.

பண்டாரவளை:
டிஃபெண்டரின் ஹேண்ட் பிரேக் டிரம் இந்தப் பெட்டியின் பின்புறத்தில்தான் இருக்கிறது. பின் சீல் (ஒயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் பிரேக் கட்டை ஒயிலில் ஊறிவிடும். எனக்கு அது நடந்தது, அதுவும் இறக்கத்தில் நிறுத்திய அன்று. அன்றிலிருந்து சக்கரத்துக்குக் கல் வைக்காமல் நான் இறங்குவதே இல்லை. முன், பின் சீல்கள் இரண்டையும் இப்போதே மாற்றுங்கள். ஃபிளேன்ஜில் சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடுங்கள்; நகம் விழும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் கசியும். பெட்டிக்குள்ளிருந்து காற்று வெளியேறும் மூச்சுக் குழாயை ஊதிப் பாருங்கள். அது அடைத்தாலும் சீல் கசியும், நாம் சீலைத்தான் திட்டுவோம்.

ஹட்டன் கராஜ்:
அடித் தட்டைக் கழற்றி இடைச் சக்கரத் தொகுதியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் வேலை இருக்கிறது. இடைத் தண்டு உறையில் உட்காரும் துளை தேய்ந்திருந்தால் ஓ வளையம் மாற்றியும் பயனில்லை. உள்ளீட்டுச் சக்கரத்தின் ஸ்ப்லைனில் (தண்டு பொருந்தும் உட்பற்கள்) செங்கல் பொடி போல் துரு இருந்தால், ஒயில் போகாமல் அது உலர்ந்து ஓடியிருக்கிறது. கியர்பெட்டிக்கும் இதற்கும் நடுவிலுள்ள சீலை மறக்க வேண்டாம். உங்கள் கியர்பெட்டியில் சிவப்பு ஏடிஎஃப் ஒயில், இதில் ஈபி 90 கியர் ஒயில். பிறகு இதிலிருந்து சிவப்பாக வடிந்தால் அந்தச் சீல் போய்விட்டது.

கந்தப்பளை மரக்கறி வண்டி:
மூன்று தடவை எண்ணினேன். பதினொன்றரை. பெயாரிங்கில் ஆட்டமில்லை, துளையும் ஸ்ப்லைனும் சுத்தம். விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

ஹட்டன் கராஜ்:
உங்கள் பழைய பெட்டியில் உறைதானே போனது? கல் இடித்ததும் ஒயில் இல்லாமல் ஓட்டினீர்களா?

கந்தப்பளை மரக்கறி வண்டி:
இல்லை அண்ணன். அந்த இடத்திலேயே நிறுத்தி, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம்.

ஹட்டன் கராஜ்:
அப்படியானால் பிழைத்தீர்கள். பழையதிலுள்ள உள்ளீட்டுச் சக்கரம், இடைச் சக்கரத் தொகுதி, ஹை வெளியீட்டுச் சக்கரம் மூன்றையும் ஒன்றாக இந்த உறைக்கு மாற்றலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் பற்கள் சேராது. கடைசிச் சக்கரத்துக்கு நடு டிஃபரென்ஷியலைப் பிரிக்க வேண்டும், தனியே தொடாதீர்கள். இடைத் தண்டில் இறுக்கும்போது நசுங்கும் ஸ்பேசர் (இடைவெளி வளையம்) ஒன்று இருக்கும். பழையதைத் திரும்பப் போட்டால் பெயாரிங் இறுக்கம் சரியாக அமையாது, புதிது வாங்குங்கள்.

கந்தப்பளை மரக்கறி வண்டி:
ஞாயிறு பெட்டிகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு வருகிறேன். பழையதை இரும்புக்காரனுக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. நேற்றுத்தான் அதன் மேல் கோழிக்கூட்டை வைத்திருக்கிறார்கள்.