‘டெதர்ட் கார்டு’: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமை அச்சு)

தருமபுரி குழந்தை மருத்துவர்:
பெற்றோர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆசனவாய் குறுகி, திருவெலும்பு (முதுகெலும்பின் அடிப்பகுதி) அரிவாள்போல் வளைந்து, அதன் முன்னால் கட்டியும் இருக்கும் பிள்ளைகள் அரிதாக வருவார்கள். 1981-இல் குராரினோ என்ற மருத்துவர் விவரித்த முக்கூட்டு இது. இவர்களில் பலருக்குத் தண்டுவட நுனி, பிள்ளை வளரும்போது மேலேறாமல் கீழேயே பிடிபட்டு நிற்கும். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘டெதர்ட் கார்டு’, அதாவது கட்டப்பட்ட வடம், என்கிறோம். பச்சிளங்குழந்தைக்கு முதுகெலும்பின் பின்பக்கம் முழுதாக எலும்பாகியிருக்காது, அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம். சில மாதம் போனால் எம்.ஆர்.ஐ.தான். எல்லாம் எழுதியாயிற்று, இந்த நோயின் தமிழ்ப் பெயர்தான் பாக்கி.

அரூர் தமிழாசிரியர்:
தளைவடம். செய்யுளில் சீரோடு சீரைக் கட்டுவதும் தளைதானே! வெண்டளை தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஓசூர் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்:
ஐயா, தளி, தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் அம்மாக்களுக்கு வெண்டளை தெரியாது. தெலுங்கில் ‘தல’, கன்னடத்தில் ‘தலெ’, இரண்டும் தலை. பிள்ளைக்குத் தலையில் கோளாறு என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

பாலக்கோட்டிலிருந்து:
அப்போ கட்டுவடம்?

அரூர் தமிழாசிரியர்:
வினைத்தொகை ஐயா. கட்டுகிற வடம் என்றாகிவிடும். இங்கே வடம் எதையும் கட்டவில்லை, தானே கட்டுண்டிருக்கிறது.

பாலக்கோட்டிலிருந்து:
குடிநீர் யாரைக் குடிக்கிறது?

அரூர் தமிழாசிரியர்:
அது வழக்கில் நிலைத்த சொல். வேண்டுமானால் பிணிவடம் என்போம். பிணித்தல் கட்டுதல், பிணி நோய். ஒரே சொல்லில் இரண்டும்!

தருமபுரி குழந்தை மருத்துவர்:
பயமுறுத்தவா கையேடு? பிணி வேண்டாம்.

யாழ்ப்பாணத்து நண்பர்:
தண்டுவடத்தை நாங்கள் முண்ணாண் என்போம். முள்ளும் நாணும் சேர்ந்த அழகான புணர்ச்சி. 19-ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மரபை ஏன் விடுகிறீர்கள்?

(தொகுப்பவர்: இதன்பின் ‘நாண்’ வில்லின் நாணா, வெட்கமா என்று வந்த மடல்களை விட்டுவிடுகிறேன்.)

ஓசூர் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்:
நாங்கள் வாயால் சொல்வது “முதுகு நரம்பு கீழே ஒட்டிக்கிச்சு”. வெறும் வயிற்றோடு கூட்டிவரணும், மயக்க மருந்து கொடுத்துத்தான் படம் எடுக்கணும் என்பதைப் புரியவைக்கவே நேரம் போதவில்லை. ஒட்டிய தண்டுவடம் என்றே போடுங்கள்.

தருமபுரி குழந்தை மருத்துவர்:
எளிதுதான், ஆனால் பாதி உண்மை. நுனிக்குக் கீழே இறங்கும் இழை 2 மி.மீ.க்கு மேல் தடித்து, கொழுப்பேறி இழுத்தாலும் இதே நோய்தான். அங்கே தண்டுவடம் எதிலும் ஒட்டியிருக்காது. இழுபடு தண்டுவடம் என்றால்?

பாலக்கோட்டிலிருந்து:
சரி. இதுவும் வினைத்தொகைதான், ஐயா கவனிக்க.

ஓசூர் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்:
எனக்கும் சரி. பக்கத்தில் ‘டெதர்ட் கார்டு’ என்று தமிழ் எழுத்தில் ஒருமுறை போட்டுவிடுங்கள், ரிப்போர்ட்டில் அதைத்தான் வாசித்துக் காட்டுவார்கள்.

தருமபுரி குழந்தை மருத்துவர்:
அப்படியே அனுப்புகிறேன்.

அரூர் தமிழாசிரியர்:
அனுப்புங்கள். ஆனால் இழுபடுவது விளைவு, கட்டுண்டதே காரணம். நான் மாணவர்க்குத் தரும் சொற்பட்டியலில் தளைவடம்தான் இருக்கும். குடிநீர் பற்றி நாளை தனி மடலில்.