ஒரே குறியீடு, இரண்டு நிறம்: பெயிண்ட் பொருத்தத்தில் உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளி ஸ்விஃப்ட், மதுரை
பின்பக்க இடது கதவை ஆட்டோ உரசிவிட்டது. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் நான்கே நாளில் முடிந்தன. வண்டியின் நிறத்துக்குக் கம்பெனி வைத்திருக்கும் குறியீட்டைச் சரியாகத்தான் கொடுத்தேன்: இசட்2எஸ், சில்கி சில்வர். பட்டறைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எது புதிய கதவு என்று எனக்கே தெரியவில்லை. பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணி, வீட்டு வாசல். வண்டியின் பின்மூலையில் நின்று பக்கவாட்டில் பார்த்தேன். முன்கதவு வெள்ளி, பின்கதவு ஈயம். நேர் எதிரே வந்து நின்றால் இரண்டும் ஒன்றுதான். இரண்டடி நகர்ந்தால் மறுபடியும் ஈயம். மூன்று மாதமாகிறது. வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும்போது இன்றும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்கிறேன்.

சிவப்பு வண்டி, ஈரோடு
நான் குறியீட்டையே நம்பவில்லை. எட்டு வருடம் ஓடிய வண்டி என்பதால், பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொட்டுச் சொட்டாகக் கலந்து, மூடியின் மேலேயே தொட்டு வைத்துக் காட்டினார். தொட்ட இடமே தெரியவில்லை! பானட்டுக்கு அடித்து வெயிலில் நிறுத்தியதும் வயிறு கலங்கியது. பக்கத்தில் முன்சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரை விட பானட் ஒரு படி கருஞ்சிவப்பு. பெட்ரோல் மூடி இருக்கும் பக்கம் எட்டு வருடமும் சுவரை ஒட்டி நிழலில் நின்றிருக்கிறது. வெயில் தின்ற பக்கத்துக்கு நிழல் பக்கத்தின் நிறத்தைக் கலந்திருக்கிறோம்.

பெயிண்டர், திருச்சி
ஈரோட்டு நண்பரே, குறியீட்டின் மேல் கோபப்படாதீர்கள். குறியீடு இல்லாமல் தொடங்கவே முடியாது, ஆனால் அது தொடக்கம் மட்டும்தான். ஒரே குறியீட்டுக்குள்ளேயே சற்று மஞ்சள் தூக்கியது, சற்று நீலம் தூக்கியது என்று பல வகை வரும்.

மதுரைக்காரருக்கு: உங்கள் வண்டியில் நிறமியோடு அலுமினியத் துகளும் இருக்கிறது. துகள்கள் தட்டையாகப் படுத்தால் ஒரு தோற்றம், சாய்ந்து கிடந்தால் வேறு தோற்றம். ஈரமாக அடித்தால் நிறம் கறுக்கும், காய்வாக அடித்தால் வெளுக்கும். அதே டப்பா, பெயிண்ட் தெளிக்கும் அதே கன், அழுத்தமும் தின்னரும் மாறினால் போதும். ஆகவே அடிப்பதற்கு முன் ஓர் அட்டையில், வண்டிக்கு அடிக்கும் அதே கையால் அடித்து, மேலே பளபளப்புக்கு அடிக்கும் நிறமில்லாத கிளியரும் போட்டுக் காயவைத்து, வெளியே வெயிலில் நேராகவும் சாய்வாகவும் பார்க்க வேண்டும். கிளியர் போடாத பெயிண்டைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. வண்டியின் பழைய பெயிண்டையும் முதலில் பாலிஷ் போட்டுத் துடைத்துவிட வேண்டும். அட்டை சரியாக வந்தாலும் ஒரு கதவோடு நிறுத்தாதீர்கள். நிறத்தைப் பக்கத்துக் கதவில் பாதிவரை மெல்லக் கரைத்துவிட்டு, அந்தக் கதவு முழுவதற்கும் கிளியர் அடித்தால் கண் எல்லையைத் தேடாது.

என் கதையும் ஒன்று உண்டு. டொயோட்டாவின் 070 முத்து வெள்ளை. அடியில் வெள்ளை, நடுவில் முத்து, மேலே கிளியர் என்று மூன்று அடுக்கு. முத்து எத்தனை முறை அடிக்கிறோமோ அதற்கேற்ப நிறம் மாறும். ஒரே அட்டையில் இரண்டு, மூன்று, நான்கு முறை என்று பட்டைகள் அடித்து ஃபெண்டரில் வைத்தேன். நான் நான்கைத் தேர்ந்தெடுத்தேன். வண்டிக்காரரின் மகள், பத்து வயது இருக்கும், “நடுவில் இருப்பதுதான் மாமா” என்றாள். அட்டையைத் திருப்பி மறுபடி வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து அட்டையை இன்னொருவர் கண்ணுக்குக் காட்டாமல் நான் கன்னை எடுப்பதில்லை.

வெள்ளை செடான், சேலம்
பம்பரைப் பற்றி யாரும் பேசவில்லையே. பம்பர் பிளாஸ்டிக். உலோகப் பாகங்களோடு சேர்த்து அதே சூட்டில் வேகவைக்க முடியாது என்பதால் தனியாகத்தான் பெயிண்ட் ஆகிறது. என் வண்டி ஷோரூமிலிருந்து வந்த நாளிலேயே பம்பர் ஒரு சாயல் வேறாக இருந்தது. சண்டை போடும் முன் அடுத்த வண்டியையும் பாருங்கள்.

வெள்ளி ஸ்விஃப்ட், மதுரை
திருச்சி அண்ணா, நீங்கள் சொன்னதைப் பட்டறையில் சொன்னேன். மறுக்கவில்லை, முன்கதவு வரை கரைத்துத் தருகிறேன் என்கிறார். ஆனால் அந்த முன்கதவு கம்பெனியில் அடித்த பெயிண்ட், ஒரு கீறல்கூட இல்லை. அதில் உப்புத்தாள் போடச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. முதலில் அட்டை அடித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை, வெயில் ஏறிய பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.