இரும்புக் கீலைச் சுரண்டிப் பூசிய அனுபவங்கள்

நோர்வூட்டிலிருந்து:
காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் எங்கள் சிறு பாய்ப்படகை ஏற்றிவைத்து, அதன் வார்ப்பிரும்புக் கீலில், அதாவது படகின் அடியில் இருக்கும் கனத்த பாகத்தில், இருந்த பழைய பூச்சை உளியாலும் கிரைண்டராலும் எடுத்து முடித்தபோது மாலை ஐந்தரை ஆகிவிட்டது. இரும்பு வெள்ளிபோல் மின்னியது. கை சோர்ந்திருந்ததால், துருவைத் தடுக்கும் எப்பொக்சிப் பூச்சைக் காலையில் பூசலாம் என்று தார்ப்பாயால் மூடிவிட்டு வந்தேன். விடிந்ததும் மூடுபனிக்குள் தார்ப்பாயைத் தூக்கினால், கீல் முழுவதும் மஞ்சள்தூள் தூவியதுபோல் துரு. விரலால் ஒரு கோடு இழுத்தேன். விரல் காவியாயிற்று, கோட்டின் அடிமுனையில் ஒரு நீர்த்துளி திரண்டது. துருவை மறுபடி தேய்த்துவிடலாம். தேயிலைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம், காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானியைப் பார்த்துக் கொழுந்து வாட்டிய எனக்கு, அந்த வெப்பமானியைப் படகடிக்கு எடுத்துப்போகத் தோன்றாததுதான் இன்னும் குடைகிறது.

நுவரெலியாவிலிருந்து:
நீங்கள் பூசாமல் விட்டதால் தப்பினீர்கள். நான் குளிரிலே பூசினேன். மூன்றாம் நாளும் என் பெருவிரல் ரேகை அதில் பதிந்தது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாகக் கலந்திருந்தேன். எப்பொக்சியில் அது வேகத்தைக் கூட்டாது, பூச்சைத்தான் கெடுக்கும். இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உலர்குமிழ் 18, ஈரக்குமிழ் 17 காட்டினால் ஈரப்பதன் 90 வீதத்துக்கு மேல். 85 வீதத்தைத் தாண்டினாலே டப்பாவைத் திறக்காதீர்கள். காற்றை மட்டும் பார்த்தாலும் போதாது: இரவில் குளிர்ந்த கனத்த இரும்பு, காற்று சூடேறிய பிறகும் குளிராகவே இருக்கும் என்பதால், இரும்பின் வெப்பநிலை பனிபடுநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 பாகையாவது கூடியிருக்க வேண்டும். ஒரே நாளில் பூசக்கூடிய அளவை மட்டும் சுரண்டி, சில மணி நேரத்துக்குள் முதற்பூச்சைக் கொடுங்கள். பூசியதன் மேல் மெழுகுபோல் வழுக்கும் படலம் வந்தால், அடுத்த பூச்சுக்கு முன்னர் சுத்தமான நீரால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் உரசினால் மெழுகு உள்ளேதான் இறங்கும்.

கண்டியிலிருந்து:
எல்லாப் பழியையும் பனியின் தலையில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். திருகோணமலையில் வாங்கி லொறியில் ஏற்றி வந்த படகின் கீலை, நல்ல வெயிலில், உலர்ந்த காற்றில்தான் பூசினேன். வயர் பிரஷ் பளபளப்பாக்கியதை நம்பி, துருக் குழிகளை விட்டுவிட்டேன். ஏழெட்டு மாதத்தில் அதே குழிகளின் மேல் கொப்புளம். ஒன்றை நகத்தால் உடைத்தேன், பழுப்பு நீர் வழிந்தது. ஏதோ தோன்றி நுனிநாக்கில் தொட்டுப் பார்த்தேன். கடலைவிட்டு வந்து ஏழெட்டு மாதம் நன்னீரில் கிடந்த இரும்பு, உப்புக் கரித்தது. குழியில் ஒளிந்த அந்த உப்புத்தான் பூச்சுக்கு அடியில் நீரை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கழுவினால் துருப்பிடிக்கும் என்று பயந்து, முதலில் நன்னீரால் கழுவாமல் விட்டவன் நான்தான்.